கீற்றும் கல்நாரும்

குடவாசலை அடுத்து, சோழசூடாமணி ஆற்றுக்கு அப்பால், வயல்களின் நடுவே நமது கிளைக் கோயில் ஒன்று உள்ளது. நான்கு சுவர், ஒரு பீடம், மேலே கல்நார்த் தகட்டுக் கூரை. மக்கள் வழக்கில் 'ஆஸ்பெட்டாஸ் சீட்டு'. இருபது ஆண்டு மழையும் வெயிலும் கண்டு கறுத்துப் பாசியேறி, சில இடங்களில் விரிசலும் விட்டிருந்தபடியால், அக்கூரையை இறக்கிவிட்டுத் தளம் போடுவதென்று சென்ற தவக்காலத்தில் ஊர்க்கூட்டம் கூட்டிப் பேசினோம். தலைக்கட்டு வரி எவ்வளவு, கொத்தனார் யார், திருவிழாவுக்கு முன் வேலை முடியுமா என்பன போன்ற கேள்விகளையே நாம் எதிர்பார்த்திருந்தோம். அவையெல்லாம் பேசி ஓய்ந்த பின், கடைசி வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து நின்றார். வாழ்நாளெல்லாம் கூரை வேய்ந்து பிழைத்தவர். "எல்லாம் சரி சாமி, இறக்குற சீட்டை எங்க போடுறது? பழைய கீத்துன்னா எருக்குழிக்குப் போவும். ஓடுன்னா இன்னொரு வூட்டுக்குப் போவும். இது எங்க சாமி போவும்?" என்று கேட்டார்.

கூட்டத்தில் சிலர் சிரித்தனர். நமக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்வியின் விரலைப் பிடித்துக்கொண்டு போனபோது அறிந்தவற்றையே ஈண்டு வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

காவிரி பாயும் நெல் நாட்டில் கூரை என்பது நெடுங்காலம் வயலின் விளைச்சலாகவே இருந்து வந்தது. சம்பா அறுவடை முடிந்து களம் ஓய்ந்ததும் நெடிய தாள் உள்ள வைக்கோல் கூரைக்கென்று தனியே பிரித்து வைக்கப்படும். தென்னை மட்டைகளைக் குளத்தில் ஊறப் போட்டுப் பெண்கள் கீற்று முடைவர். மூங்கிற் கழிகளில் வரிச்சுக் கட்டி, இறவாரத்தில் தொடங்கி முகடு வரை, ஒன்றின்மேல் ஒன்று படியுமாறு வேய்ந்துகொண்டே போவர். ஒரு சாண் பருமனுள்ள அந்தக் கூரைக்குள் அகப்பட்டு அசையாமல் நிற்கும் காற்றுதான் வெயிலைத் தடுக்கிறது. இன்று வெப்பக் காப்பு என்ற பெயரில் விலைக்கு விற்கப்படும் கண்ணாடி நார், தெர்மோகோல், பாலியூரித்தேன் நுரை ஆகிய யாவும் செய்கின்ற வேலையும் இதுவே: காற்றை நகரவிடாமல் பிடித்து வைப்பது. கீற்று ஓரிரண்டு ஆண்டில் மட்கும். மட்கியதில் ஒரு பகுதி அடுப்புக்கு, மறு பகுதி எருக்குழிக்கு. இவ்வாண்டின் கூரை அடுத்த ஆண்டின் நெல்லுக்கு உரமாயிற்று.

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் நாம் பொய்யுரைத்தவர் ஆவோம். கூரை வீட்டின் குளிர்ச்சியைப் புகழ்ந்து எழுதுவோரில் பெரும்பாலோர் கூரை வீட்டில் குடியிருந்தவர் அல்லர். ஐப்பசி அடைமழையில் ஒழுகும் கூரையின் கீழ்ப் பாத்திரங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு விடிய விடிய விழித்திருந்த தாய்மாரிடம் கேட்டால் வேறு கதை சொல்வர்.

யார் எந்தக் கூரையின் கீழ் வாழலாம் என்பது தட்பவெப்பத்தைப் பொறுத்து மட்டும் அமைந்ததன்று. பிரமதேய ஊர்களை வழங்கிய சோழர் காலத்துச் செப்பேடுகளில், சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எழுப்பிக்கொள்ளும் உரிமை தனியொரு சலுகையாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. கொங்கு நாட்டுக் கல்வெட்டொன்றோ கம்மாளர் தம் வீடுகளுக்குச் சுண்ணாம்புச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்று அரசாணையாகவே அறிவிக்கின்றது. ஒருவர் தம் வீட்டுச் சுவரைப் பூசுவதற்கு மன்னரின் ஆணை வேண்டியிருந்தது என்றால், அதற்குமுன் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். அண்மைக் காலத்திலும் தஞ்சைப் பண்ணையாட்களின் குடிசை நின்ற மனை மிராசுதாரருடையது. நாளை வெளியேறச் சொன்னால் வெளியேற வேண்டிய மண்ணில் எவர் ஓடு போடுவார்? தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-இல் வந்தது. குடியிருப்பு மனையைக் குடியிருப்பவர்க்கே உரிமையாக்கும் சட்டம் 1971-இல்தான் வந்தது. இவ்விரண்டிற்கும் இடையே, 1968 டிசம்பர் 25 அன்று இரவு, நாம் கிறிஸ்து பிறப்பு விழா கொண்டாடிய அதே நாளில், கீழ்வெண்மணியில் தலித் உழவர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டனர். கீற்றுக் கூரை நம் நாட்டில் எளிமையின் சின்னம் மட்டுமன்று.

வசதி உள்ளவர்க்கு வேறு கூரைகள் இருந்தன. குயவர் சூளையில் சுட்ட நாட்டு ஓடு. பின்னர் சீமை ஓடு. இதன் பிறப்பிடம் மங்களூர். பாசல் மறைப்பணிக் கழகத்தைச் சேர்ந்த ஜெர்மானியர் கேயோர்க் பிளெப்ஸ்ட் 1865-இல் அங்கே ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார். பெரிய வீடுகளில் தேக்கு உத்திரங்களின்மேல் செங்கல்லை நெருக்கி அடுக்கி, சுண்ணாம்பும் செங்கற் சல்லியும் சேர்த்துக் கடுக்காய் நீர் தெளித்து இடித்து, மேலே தட்டோடு பதித்த மெத்தை. இந்தக் கூரைகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு குணம் உண்டு: இறந்த பின்னும் பயன்பட்டன. சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைச் சிமெண்டைப்போல் இறுகப் பற்றுவதில்லை. கொத்திச் சுத்தம் செய்தால் செங்கல் முழுதாகவே கைக்கு வரும். உடைந்த ஓடு சுர்க்கியாக இடிபட்டு மறுபடியும் சாந்தில் சேரும். உத்திரமோ மூன்றாம் தலைமுறையின் வீட்டில் நிலைக்கதவாகும். மறுசுழற்சி என்ற சொல் பிறப்பதற்கு முன்பே அச்செயல் இங்கே இருந்தது.

வைக்கோற் கூரையை ஒழித்த முதற்பொருள் தீயன்று, நெல் என்பது பலருக்கு வியப்பாயிருக்கும். தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்குத் தஞ்சை மாவட்டம் 1960-இல் தேர்ந்துகொள்ளப்பட்டது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் 1965-இல் ஏ.டி.டி. 27 இரகத்தை வெளியிட்டது, அடுத்து ஐ.ஆர். 8 முதலிய குட்டை இரகங்கள் வந்தன. நாட்டின் பசி தீர்ந்ததில் அவற்றுக்குப் பங்குண்டு. அதை மறுக்க நாம் துணியோம். ஆனால் குட்டை நெல்லின் தாளை வைத்துக் கூரை வேய இயலாது. பின்னாளில் அறுவடை எந்திரங்கள் வந்து இருந்த தாளையும் துண்டு துண்டாக்கிப் போட்டன. வைக்கோற் கூரைக்கு எதிராக எவரும் சட்டம் இயற்றவில்லை; நெல்லின் உயரம் குறைந்தது, அவ்வளவே. எஞ்சியது கீற்று.

கீற்றின்மேல் தீர்ப்பு எழுதியது தீ. 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது கீற்றுக் கொட்டகையாக அமைந்த யாகசாலை தீப்பற்றியதில் 48 பேர் மாண்டனர். 2004 ஜனவரி 23 அன்று திருவரங்கத்தில் திருமண மண்டபத்துக் கீற்றுப் பந்தல் எரிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆண்டு ஜூலை 16, வெள்ளிக்கிழமை, குடவாசலிலிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீட்டரில் உள்ள கும்பகோணத்தில், சத்துணவுக் கூடத்திலிருந்து எழுந்த நெருப்பு பள்ளி மாடியின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள். எண்ணிக்கையை எழுதிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போவது நமக்கு இன்றும் எளிதாயில்லை. பள்ளிகளிலுள்ள கீற்றுக் கூரைகள் உடனே அகற்றப்பட வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. நாட்டின் எல்லாப் பள்ளிகளிலும் தீப்பாதுகாப்பு வேண்டுமென்று 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததற்கும் இத்துயரே மூலம்.

அப்போது நாம் டெல்டாப் பகுதிப் பங்கொன்றில் உதவிப் பணியாளராக இருந்தோம். பங்கின் தொடக்கப் பள்ளியிலும் ஒரு கீற்றுச் சார்ப்பு இருந்தது. பத்தே நாளில் அதைப் பிரித்தெறிந்து கல்நார்த் தகடு வேய்ந்தோம். அந்த நாள்கள் நன்றாக நினைவில் உள்ளன. தச்சர் இரம்பத்தால் தகடுகளை அறுத்தார்; துளையிட்டுக் கொக்கி ஆணி முடுக்கினார். வெண்தூள் மாவுபோல் பறந்தது. பிள்ளைகளை வகுப்பு வகுப்பாக நிறுத்தி, கீழே விழுந்த துண்டுகளைப் பொறுக்கச் செய்து, தூளைத் துடைப்பத்தால் பெருக்கச் செய்தோம். இனி நெருப்புப் பற்றாது என்று பெற்றோரிடம் பெருமையாகச் சொன்னோம். சொன்னது உண்மைதான். கல்நார் எரியாது. அந்த ஆண்டே கிளைக் கோயில்கள் சிலவற்றுக்கும் இதே கூரை வந்தது. இக்கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன கோயிலும் ஏறக்குறைய அக்காலத்துக் கூரையையே தாங்கியிருந்தது.

கல்நார் என்ற தமிழ்ச்சொல் பொருளை நேராகவே சொல்லிவிடுகிறது: கல்லிலிருந்து உரியும் நார். மேனாட்டார் வழங்கும் 'அஸ்பெஸ்டாஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு 'அணையாதது' என்பது பொருள். கல்நாரைச் சிமெண்டோடு பிசைந்து தகடாக்கும் முறையைக் கண்டவர் ஆஸ்திரியரான லுத்விக் ஹாட்செக். காலம் 1901-ஐ ஒட்டியது. தம் பொருளுக்கு அவர் இட்ட பெயர் 'எட்டெர்னிட்'. குருமடத்தில் இலத்தீன் படித்தவர்க்கு அதன் வேர் உடனே விளங்கும்: 'ஏத்தெர்னித்தாஸ்', நித்தியம். வழிபாட்டில் நாம் இறைவனுக்கு மட்டும் உரித்தாக்கும் சொல்லை ஒரு கூரைத் தகட்டுக்குச் சூட்டினார்கள். அழியாதது என்பதை அவர்கள் வாழ்த்தாகத்தான் நினைத்தார்கள். இந்தியாவில் 1934-இல் மத்திய இந்தியாவின் கைமூரில் இத்தொழில் வேரூன்றியது; பின்னர் நம் மாநிலத்தில் போத்தனூர், அரக்கோணம் முதலிய இடங்களிலும் ஆலைகள் எழுந்தன. மலிவு, தீப்பற்றாது, கரையான் அரிக்காது, கூலியாள் இருவர் ஒரு நாளில் வேய்ந்துவிடலாம். ஏழை வேறென்ன கேட்பார்?

குளிர்நாடுகளிலோ கல்நார் கூரைக்கு மட்டுமன்றி, சுவருக்கும் நீராவிக் குழாய்க்கும் கப்பலின் கொதிகலனுக்கும் வெப்பக் காப்பாகப் பூசப்பட்டது. அதன் தீமை நெடுங்காலம் அறியப்படாதிருந்தது என்று சொல்வோர் உண்டு. வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. இங்கிலாந்தின் ரோச்டேலில் கல்நார் நூற்ற நெல்லி கெர்ஷா என்னும் பெண் 1924-இல், 33 வயதில், நுரையீரல் நாரேறி இறந்தார். அவருடைய நோய் மருத்துவ இதழில் அதே ஆண்டு எழுதப்பட்டது. 1930-இல் ஆங்கில அரசின் ஆய்வறிக்கையே வெளிவந்தது. 1960-இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னரும் துணைவரும், நுரையீரலின் உறையைப் பற்றும் அரியதொரு புற்றுநோயைக் கல்நாரோடு தொடர்புபடுத்திக் காட்டினர். நோயுற்றோரில் சுரங்கத்தில் கால் வைக்காத, அருகே வாழ்ந்த மக்களும் இருந்தனர். 1964-இல் நியூயார்க் பகுதியில் கட்டடங்களுக்கு வெப்பக் காப்புப் பூசும் தொழிலாளர் 632 பேரின் வாழ்வையும் சாவையும் மருத்துவர் இர்விங் செலிக்காஃப் குழுவினர் கணக்கிட்டனர். நுரையீரல் சார்ந்த புற்றுநோயால் இறந்தவர் தொகை, எதிர்பார்க்கத்தக்க அளவைப்போல் ஆறேழு மடங்கு இருந்தது. மூச்சில் புகுந்த நார் இருபது, முப்பது, நாற்பது ஆண்டு கழித்தும் நோயாக வெளிப்படும். பெருக்கியவர் பெருக்கிய நாளை மறந்தே போயிருப்பார்.

இவ்விடத்தில் கத்தோலிக்க வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 'அஸ்பெஸ்டாஸ்' என்றே பெயர் பெற்ற ஊர் ஒன்று இருந்தது. அங்கும் தெட்ஃபோர்டு மைன்ஸ் என்னும் ஊரிலும் 1949 பிப்ரவரியில் ஏறத்தாழ 5,000 சுரங்கத் தொழிலாளர் வேலை நிறுத்தத்தில் இறங்கினர். அவர்களது சங்கம் கத்தோலிக்கத் தொழிற்சங்கக் கூட்டமைப்பைச் சேர்ந்தது. அவர்கள் கேட்டது கூலி உயர்வு மட்டுமன்று. ஆலையின் உள்ளும் வெளியும் பறக்கும் கல்நார்த் தூசியை ஒழிக்க வேண்டும் என்பதும் முன்னணிக் கோரிக்கை. மாநில அரசு நிறுவனங்களின் பக்கம் நின்று காவற்படையை அனுப்பியது. அந்நாளில் கியூபெக் திருச்சபை அரசோடு முரண்படுவதென்பது எண்ணிப் பார்க்கவும் அரிது. எனினும் மொன்றியால் பேராயர் யோசேப்பு ஷார்பொன்னோ, மே முதல் நாள் மறையுரையில், உழைக்கும் வர்க்கத்தை நசுக்கச் சதி நடக்குமானால் திருச்சபை தலையிட்டே ஆக வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். கோயில் வாசல்களில் தொழிலாளர் குடும்பங்களுக்காகக் காணிக்கை தண்டச் செய்தார். கியூபெக் பேராயர் மொரிஸ் ருவா நடுவராயிருந்து பேச, கோடை பிறந்தபின் போராட்டம் முடிவுற்றது. கூலி சிறிது உயர்ந்தது. தூசி போகவில்லை. 1950-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஷார்பொன்னோ பதவி விலகினார். உடல்நலக் குறைவே காரணம் என்று சொல்லப்பட்டது. நாட்டின் மறுகோடியில் விக்டோரியா நகரில் அருட்சகோதரியரின் மருத்துவமனையில் ஆன்ம குருவாக இருந்து 1959-இல் இறந்தார். அவர் விலகிய காரணம் பற்றி அறிஞர்கள் இன்னும் வாதிடுகின்றனர். நாம் அதற்குள் புகவில்லை. ஒரு பேராயர் தூசிக்காகப் பேசினார் என்பதே நமக்குப் போதும்.

அந்தக் கியூபெக் கல்நாரைக் கடைசிக் காலத்தில் பெருமளவில் வாங்கிய நாடு எது என்று தேடியபோது நாம் திகைத்தோம். நம் நாடுதான். தன் வீடுகளிலிருந்தும் பாராளுமன்றக் கட்டடத்திலிருந்தும் கல்நாரைச் சுரண்டி எடுத்துக்கொண்டே, கனடா அதை நமக்கு ஏற்றுமதி செய்து வந்தது. 2011-இல்தான் அங்கே தோண்டுதல் ஓய்ந்தது. 2018-இல் தடைச் சட்டம் வந்தது. 2020-இல் அந்த ஊர் மக்கள் வாக்களித்துத் தம் ஊரின் பெயரையே மாற்றிக்கொண்டனர். நமக்கோ அதன் பின்னும் ரஷ்யாவிலிருந்தும் கசகஸ்தானிலிருந்தும் கல்நார் வந்துகொண்டேயிருக்கிறது. 1995 ஜனவரி 27 அன்று நம் உச்ச நீதிமன்றம், கல்நார்த் தொழிலாளரின் உடல்நலக் குறிப்புகளை 40 ஆண்டு காக்க வேண்டும் என்றும், நோயுற்றவர்க்கு ஓர் இலட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. நோய் வெளிப்பட எத்தனை காலமாகும் என்பது நீதிபதிகளுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு அந்த 40 என்ற எண்ணே சான்று. ஆனால் 2011-இல் பயன்பாட்டையே தடை செய்யக் கோரிய வழக்கில் அந்நீதிமன்றம் தடை விதிக்கவில்லை. அண்டை நாடான இலங்கை துணிந்து தடை செய்ய முற்பட்டது. 2017 டிசம்பரில், தேயிலைப் பெட்டியில் வண்டு ஒன்று இருந்ததாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்திவைத்தது. சில நாள்களில் கல்நார்த் தடையும் கைவிடப்பட்டது. கொழுந்து பறிக்கும் நம் மலையகச் சகோதரிகளின் கூலியும் ஒரு கூரைத் தகடும் ஒரே தராசில் ஏற்றப்பட்டதை என்னவென்று சொல்வது!

சிமெண்டில் இறுகிய வெண்கல்நார் தீங்கு செய்யாது என்பது தொழில் நடத்துவோர் கூறும் வாதம். உடையாத, அறுபடாத, சிதையாத தகட்டைப் பொறுத்தவரை அதில் ஓரளவு உண்மை இருக்கவும் கூடும். அறுக்காமல் வேயப்பட்ட கூரை எது? உடையாமல் இறங்கும் கூரை எது? எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் விளைவிப்பதே, அதன் பயன்பாட்டை நிறுத்துவதே நோயை ஒழிக்கும் வழி என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2006-இல் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2005 தொடக்கத்திலேயே முற்றும் தடை செய்துவிட்டது.

நம் ஊர் வெயிலில் இக்கூரை செய்த இன்னொரு மாற்றமும் உண்டு. ஒரு சாண் கீற்று இருந்த இடத்தில் ஆறு மில்லிமீட்டர் தகடு. சித்திரை வெயிலில் அதன்கீழ் நண்பகல் திருப்பலி நிறைவேற்றிய எந்தக் குருவிடமும் கேட்டுப் பாருங்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகைக் கடற்கரையில் எழுப்பப்பட்ட தார்த் தகட்டுத் தற்காலிகக் குடியிருப்புகளில் மக்கள் பகலில் உள்ளே இருக்க மாட்டாமல் வெளியே மர நிழல் தேடியதும் நம் கண்ணில் நிற்கிறது. எனவே கூரைக்குக் கீழே இன்னொரு கூரை வந்தது. தெர்மோகோல் பலகைகளைப் பாவிய பொய்க்கூரை. குளிர்பதனக் கிடங்குகளுக்குப் பாலியூரித்தேன் நுரை அடைத்த பலகைகள். அந்த நுரையை ஊதப் பயன்பட்ட எச்.சி.எஃப்.சி. 141பி என்னும் வாயு ஓசோன் படலத்தை அரிப்பது என்பதால் 2020 ஜனவரி முதல் நாளோடு இந்தியா அதைக் கைவிட்டது. தெர்மோகோல் வகைகள் எளிதில் தீப்பிடிக்காதிருக்கச் சேர்க்கப்பட்டு வந்த எச்.பி.சி.டி. என்னும் வேதிப்பொருள் 2013-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் இடம் பெற்றது. தெர்மோகோலின் பெரும்பகுதி வெறுங்காற்று; வண்டி நிறைய ஏற்றினாலும் எடை இல்லாததால் பழைய சாமான் வாங்குபவர் திரும்பியும் பார்ப்பதில்லை. வாய்க்காலில் மிதந்து மதகடியில் அடைந்து கிடக்கும். கீற்று இலவசமாகச் செய்த வேலையைச் செய்ய இத்தனை பொருள்கள், இத்தனை உடன்படிக்கைகள்.

கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கரை கடந்தபோது, டெல்டாவில் தென்னைகளோடு தகட்டுக் கூரைகளும் பறந்தன. மறுநாள் உடைந்த தகடுகளைக் கூடை கூடையாக வாரினோம். சேறாகக் கிடந்த பாதைகளில் அவற்றைக் கொட்டி மிதித்துச் சமன் செய்தோம். நல்ல காரியம் என்றே நினைத்தோம். அந்தப் பாதைகளில் வண்டிகள் ஓடுகின்றன, பிள்ளைகள் விளையாடுகிறார்கள், கோடையில் புழுதி எழுகிறது.

அப்படியானால் இறக்கிய தகட்டை என்னதான் செய்வது? போலந்து நாடு 2032-க்குள் தன் நிலத்திலுள்ள கல்நார் அனைத்தையும் அகற்றித் தனிக் குழிகளில் புதைப்பதென்று திட்டம் வகுத்திருக்கிறது. பிரான்சின் மோர்சென் என்னும் ஊரில் கல்நார்க் கழிவை மின்தீப் பிழம்பில் உருக்கிக் கண்ணாடிக் கல்லாக்கிச் சாலைக்குப் பயன்படுத்தினர்; நார் தன் இயல்பை இழந்துவிடுவதால் அச்சமில்லை. ஆனால் ஆயிரம் பாகைக்கு மேற்பட்ட அந்த வெப்பத்துக்கு ஆகும் செலவை நினைத்தால் தலை சுற்றும். நம் நாட்டில் 2016-இல் வந்த கட்டட இடிபாட்டுக் கழிவு விதிகள் செங்கல்லையும் கான்கிரீட்டையும் மறுபடி பயன்படுத்த வழி சொல்லின. கல்நாரோ அபாயக் கழிவின் இனம். அதைப் புதைக்க முறையான தளம் கும்மிடிப்பூண்டியில் உண்டு. குடவாசலிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரு கிளைக் கோயிலின் நாற்பது தகட்டுக்கு யார் வண்டி பிடிப்பது? ஊரில் விசாரித்த இடமெல்லாம் "எங்காவது பள்ளத்தில் போட்டு மூடுங்கள் ஃபாதர்" என்றே சொன்னார்கள்.

அரசின் வீட்டுத் திட்டங்களால் குடிசைகள் குறைந்து வருவது மகிழ்ச்சிக்குரியது. 2010-இல் தமிழகத்தில் கணக்கெடுத்தபோது ஏறத்தாழ 21 இலட்சம் குடிசைகள் இருந்தன. 2030-க்குள் குடிசையில்லாத் தமிழகம் என்பது 2024-இல் தொடங்கிய கனவு இல்லத் திட்டத்தின் குறிக்கோள். அந்தத் தளம் போட்ட வீடுகளின் பக்கத்தில் இறக்கி வைத்த தகடுகள் எத்தனை என்பதை எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை. அவை ஆட்டுக் கொட்டிலாகவும், குளியலறைத் தடுப்பாகவும், கொல்லை வேலியாகவும், துணி துவைக்கும் பலகையாகவும் மறுபிறவி எடுத்திருக்கின்றன. மறுசுழற்சி என்று அதைப் புகழ நமக்கு வாய் வரவில்லை.

ஆனி மாதத்தில் நம் கோயில் கூரையை இறக்கினோம். முந்தின நாளே மோட்டார் வைத்துத் தகடுகளை நன்றாக நனைத்தோம். இரம்பம் தொடக்கூடாது, சுத்தியலால் தட்டக்கூடாது, கொக்கி ஆணியை எண்ணெய் விட்டுத் திருகியே கழற்ற வேண்டும் என்று கட்டளை. வேலையாள்கள் முகத்தில் கட்டிய கவசத்தைப் பார்த்து ஊர்ப் பிள்ளைகள் கூடிவிட்டனர். அவர்களை அப்பால் அனுப்புவதே பெரும்பாடாயிற்று. மூன்று மணி நேர வேலை இரண்டு நாளாயிற்று. கூலியும் அதற்கேற்ப ஏறியது. சபையாரில் சிலர் முணுமுணுத்தார்கள்.

அன்று மாலை நம் பங்கைச் சேர்ந்த கைம்பெண் ஒருவர் வந்தார். இரண்டு ஆடு வைத்துப் பிழைப்பவர். "நாலே நாலு சீட்டு குடுங்க சாமி, மழைக்கு முன்னாடி ஆட்டுக்கு ஒரு மறைப்பு கட்டிக்கிறேன்" என்று கேட்டார். முழுதாக, உடையாமல், நாம் அத்தனை கவனத்தோடு இறக்கிய தகடுகள் அவர் கண்முன்னே அடுக்கியிருந்தன. நாம் இல்லை என்றோம். காரணமும் சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இத்தன வருசம் இதுக்குக் கீழதான சாமி பூசை வச்சீங்க?" என்றார். அதற்கு நாம் சொன்ன மறுமொழி அவருக்கு நிறைவளிக்கவில்லை, நமக்கும்தான். கொட்டிலுக்கு வேண்டிய மூங்கிலும் கீற்றும் பங்குச் செலவில் வாங்கிக் கொடுத்தோம். கூட்டத்தில் கேள்வி கேட்ட அதே பெரியவர் வந்து வேய்ந்து கொடுத்தார். அடுப்பிலிருந்து இத்தனை அடி தள்ளியிருக்க வேண்டும் என்று அளந்து காட்டிவிட்டுப் போனார்.

கோயிலுக்கு இப்போது தளம் போட்டாயிற்று. மேலே செங்கற் சல்லியும் சுண்ணாம்பும் இட்டுத் தட்டோடு பதித்திருக்கிறோம். அந்தக் கலவையை இடிக்கத் தெரிந்தவரைத் தேடி வலங்கைமான் பக்கம் போக வேண்டியிருந்தது. தகடுகளைத் தடித்த பாலித்தீன் தாளில் சுற்றி, கோயிலுக்குப் பின்னால் மேடான இடத்தில் செங்கல் அறை கட்டி உள்ளே அடுக்கிப் பூட்டியிருக்கிறோம். பங்கு நாளேட்டில், நமக்குப் பின் வரும் பணியாளர் படித்தறியும் பொருட்டு, இவ்வாறு எழுதி வைத்தோம்: "கல்நார்த் தகடு, முழுமையானவை 38, உடைந்தவை ஐந்து சாக்கு. உடைக்கவோ, விற்கவோ, எவருக்கும் கொடுக்கவோ வேண்டாம். சாவி, திருப்பொருள் அறை அலமாரியின் இரண்டாம் தட்டில்."